ஒன்றேகால் அங்குலம்

அந்த ஓட்டலின் நான்காவது மாடியில் லிஃப்ட் தரையைவிட ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றுவிட்டது. சக்கரம் வைத்த கனமான பெட்டி ஒன்று அந்தச் சின்னப் படியில் இடித்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. பெட்டிக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். அங்குள்ள பெரிய சட்டைக்கடை ஒன்றுக்காக வருடத்துக்கு இரண்டு முறை இந்த ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி, வசதியானவர்களுக்கு அளவெடுத்துக்கொண்டு போவார். சட்டை அங்கே தைத்துப் பின்னால் பார்சலில் வரும். ஓட்டல்காரர்கள் கூப்பிட்டனுப்பிய லிஃப்ட் மெக்கானிக் முதலில் பெட்டியை ஒரே மூச்சில் தூக்கி வெளியே வைத்தார். பிறகு லிஃப்டின் கூரைமேல் ஏறிக் கால்மணி நேரம் எதையோ திருகினார். இறங்கி வந்து, வாசற்படியில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

பெட்டிக்குச் சொந்தக்காரரான அந்த அளவுக்காரர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதுவரை இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றேகால் அங்குலம்" என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக.

லிஃப்டைச் சொல்கிறார் என்று மெக்கானிக் நினைத்தார். முக்கால்தான் இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அளவுக்காரர் சிரிக்காமல், விரலை மட்டும் நீட்டி இவருடைய வலது தோளைக் காட்டினார்.

அந்தத் தோளை ஜனங்கள் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்று. முதலிலேயே எங்கோ பார்ப்பது இன்னொன்று. பத்தொன்பது வயதில் உடைந்த காறையெலும்பு கோணலாகக் கூடிவிட்டதில் வலது தோள் இறங்கியும் குறுகியும் போயிருந்தது. கேட்டவர்களிடம் பைக்கில் விழுந்ததாகச் சொல்லிவைத்திருந்தார். எந்தச் சட்டை போட்டாலும் காலர் ஒரு பக்கம் இழுக்கும், கழுத்திலிருந்து அக்குள்வரை சுருக்கம் விழும். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'சாய்வு அண்ணன்'. பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் இந்த மனிதர் பார்த்தது மூன்றாவது விதம். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தான் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே அவர் பார்க்கிறார் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. பரிதாபமும் இல்லை, கூச்சமும் இல்லை. இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு சரி செய்யவேண்டும். அவ்வளவுதான்.

வெறுமனே பார்க்கத்தான் மெக்கானிக் அளவுக்காரரின் அறைக்குள் போனார். கட்டில்மேல் துணி மாதிரிகள் விரிந்து கிடந்தன. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை. தொட்டால் விரல் வழுக்கியது. ஆனால் அவரைக் கட்டிப்போட்டது துணியல்ல, டேப். இடது கையை அளந்த டேப் மறுபடி வலது கைக்கு வந்தது. இடது தோள், பிறகு வலது தோள். காகிதத்தில் எண்கள் இரண்டு வரிசையாக இறங்கின. அவருக்குத் தெரிந்த தையற்காரர்கள் எல்லாம் ஒரு பக்கம்தான் அளப்பார்கள். இன்னொரு பக்கமும் அப்படியேதான் இருக்கும் என்பது உலக நம்பிக்கை. விலையைக் கேட்டபோது ஒரு மாதச் சம்பளம் கண்முன் வந்து போனது. "ஒண்ணு போதும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, விரலைக் காட்டினார்.

வீட்டில் சொல்லவில்லை. பதினோரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவர் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவள். அவர் குளித்துவிட்டு வந்தபோது சட்டை மேசைமேல் பிரித்துக் கிடந்தது. சட்டையின் வலது கையை மட்டும் அவள் நீட்டிப் பிடித்திருந்தாள்.

அந்த வலது கைக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே, கடையில் வாங்கும் ஒவ்வொரு சட்டைக்கும் வலது கையின் பட்டையை அவள் பிரிப்பாள். நீளத்தைக் குறைத்து மறுபடி தைத்து வைப்பாள். காலையில் அவர் போட்டுக்கொள்ளும்போது கை சரியாக மணிக்கட்டில் நிற்கும். அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடம்.

"விலை கொஞ்சம் அதிகம்தான்..." என்று அவர் தொடங்கினார். கேட்கப்போகும் திட்டுக்கு ஏற்கெனவே பதில்கள் தயாராக இருந்தன.

"விலைய யாரு கேட்டா?" என்றாள். குரல் உயரவில்லை. "முன்னபின்ன தெரியாத ஆளுகிட்ட தோளைக் காட்டியிருக்கீங்க. என்கிட்ட ஒரு நாள், ஒரே ஒரு நாள், தோள்னு ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா?"



அவள் சட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். தையல்கள் எறும்பு வரிசை மாதிரி நெருங்கியிருந்தன. முதுகின் மேல்பகுதித் துணியை நடுவில் இரண்டாக வெட்டி, இரு பாதியையும் வேறுவேறு சரிவில் வைத்து இணைத்திருந்ததை அவள் விரல் கண்டுபிடித்து நின்றது. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தடவினாள்.

"கோளாறு இங்க இருந்திருக்கு. நான் பாட்டுக்குக் கையை வெட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள். "போட்டுக் காட்டுங்க."

போட்டுக்கொண்டார். பித்தான்களை அவளே மாட்டினாள். காலர் இரு பக்கமும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. அவள் இரண்டடி பின்வாங்கிப் பார்த்தாள். முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையில் அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"பைக்ல விழலை. அது சும்மா சொன்னது."

"பின்ன?"

"வேலைக்குச் சேர்ந்து மூணாவது மாசம். லிஃப்ட் குழிக்குள்ள கால் தவறிட்டேன். எழுந்து, ஒண்ணுமில்லைனு சொல்லிட்டேன். ஒன்பது நாள் இடது கையாலயே வேலை பார்த்தேன். தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு பயம். அம்மாகிட்டகூடச் சொல்லலை. பத்தாவது நாள் டாக்டர்கிட்ட போறப்ப எலும்பு அது இஷ்டத்துக்குக் கூடிக்கிட்டிருந்துச்சு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒன்பது நாளும் வலிக்கலையா?"

"வலிச்சுது."

அவள் எழுந்து வந்து, ஏற்கெனவே நேராக இருந்த காலரை இன்னொரு முறை நேராக்கினாள்.

திங்கட்கிழமை கம்பெனியின் வருடாந்தரக் கூட்டத்துக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். யாராவது எதையாவது கேட்பார்கள் என்று வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. வந்தவர்கள் கைகுலுக்கினார்கள், முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், போனார்கள். பார்வைகள் தோளில் போய் நிற்கவே இல்லை. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீஷியன் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "என்னண்ணே, இளைச்சிட்டீங்களா? சுகர் கிகர் பார்த்தீங்களா?" என்றான். அவர் வாய்விட்டுச் சிரித்ததில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து அவளிடம் இதைச் சொன்னபோது அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அதை மெஷினில் போடாமல் கையாலேயே அலசி, ஹேங்கரில் மாட்டி, மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டாள். மெக்கானிக் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா போர்வை உலர்த்த வந்தவள், அந்த வெள்ளையைப் பார்த்து நின்றாள்.

"எவ்வளவு நல்ல துணி! ஆனா கோணலா மாட்டியிருக்கியே. ஒரு பக்கம் எறங்கிடுச்சு பாரு." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஹேங்கரைத் தூக்கி நிமிர்த்தப் போனாள்.

"தொடாதீங்கக்கா" என்றாள் இவள், பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு. "அது நேராத்தான் இருக்கு."

அக்கா கையை எடுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெக்கானிக் செய்தித்தாளைத் தாழ்த்தினார். காற்று வந்து சட்டைக்குள் புகுந்தது. ஆளில்லாத மார்பு நிறைந்து எழுந்தது. வலது தோள் தாழ்ந்தபடியே சட்டை மெல்லத் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்தது.