விருந்தாளி லெப்டொப்

பொண்ணு பாத்து முடிஞ்சு ரெண்டு பக்கமும் சம்மதம் சொல்லியாச்சு. தட்டு மாத்துறது மட்டுந்தான் பாக்கி. அதுக்குன்னு நல்லதண்ணித் தோட்டத்துலேர்ந்து மகன் சுமனைக் கூட்டிக்கிட்டு றொசல்லையில பொண்ணு வீட்டுக்கு வந்து இறங்கின நல்லமுத்து, வந்த வேலையை விட்டுட்டு பொண்ணு நிஷாந்தியோட லெப்டொப் மேல கண்ணு வச்சாரு.

நிஷாந்தி ஹட்டன்ல ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் குடுக்கிறவ. தோட்டத்து லயத்து வீட்டுல உக்காந்து அந்த லெப்டொப்புலதான் அத்தனை வேலையும். சுமனுக்கும் கொழும்புல ஒரு விளம்பரக் கம்பனியில அதே பொழப்பு. அவனோட லெப்டொப்பும் அவன் தோள்லயே தொங்கிக்கிட்டு வந்திருந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறமும் கொஞ்ச காலம் அவன் கொழும்புல, அவ மலையிலன்னு முன்னமே பேசி வச்சதுதான்.

ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டுன்னு ஆரம்பிச்சாரு நல்லமுத்து. அவரு தோட்டத்துல கங்காணியா இருந்து ஓய்வெடுத்த மனுஷன். ரெண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில இறக்கி விட்டு, கொழுந்து பறிக்கிறதுல யாரு முந்துறான்னு பாத்தே காலத்தை ஓட்டினவரு. அந்தப் பழக்கம் லேசுல விடுமா?

"ரெண்டையும் ஓட விட்டுப் பாப்போம். முந்துறது இருக்கட்டும், பிந்துறத வித்திருவோம்"னு தீர்ப்பு சொன்னாரு.

நிஷாந்திக்கு அந்த மெஷின்தான் சோறு. அது போனா ஸ்டூடியோ வேலையும் போச்சு. அப்புறம் அவ சம்பாத்தியம் ஏது, ஹட்டனுக்கு பஸ் ஏறுற சாக்குதான் ஏது? மாப்பிள்ளையோட அப்பாகிட்ட முதல் நாளே மல்லுக்கு நிக்கவும் முடியாது.

சுமன் வேற வெந்த புண்ணுல வேலைப் பாச்சினான். தன்னோட ப்ரொசசர்ல பதினாலு கோர், நிஷாந்தியோடதுல ஆறுதான்னு பெருமையா சொன்னான். கோருன்னா என்னடான்னு அப்பா கேக்க, கொழுந்து பறிக்கிற ஆளு மாதிரின்னு விளக்கினான். பதினாலு ஆளு ஒரு பக்கம், ஆறு ஆளு ஒரு பக்கம். கங்காணிக்கு அதுக்கு மேல என்ன வேணும், மீசையைத் தடவிக்கிட்டாரு.

ஆனா நிஷாந்திக்கு இன்னொண்ணும் தெரியும். அத்தனை கோரும் ஒண்ணா உழைச்சா மெஷின் கொதிக்கும். சூடு ஏறினா ப்ரொசசர் கருகிப் போயிராம இருக்க தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். அதனாலதான் அடியில விசிறி, காத்து இழுக்க ஓட்டை. அவளோடது சாது. ரொம்ப ஓடவும் செய்யாது, ரொம்பக் கொதிக்கவும் செய்யாது.

வெளியில தூறல், எலும்பு வரைக்கும் ஏறுற குளிர். நம்ம மலைப் பக்கத்துல நனைஞ்சுக்கிட்டு வர்ற விருந்தாளிக்கு முதல் மரியாதையே அடுப்போரந்தான். நிஷாந்தியோட அம்மா பேச்சியம்மா அந்த மரியாதையில ஒரு குறையும் வைக்க மாட்டா. மாப்பிள்ளையை அடுப்போரமா உக்கார வச்சா. அவன் பை ஈரமா இருக்கிறதப் பாத்து, மாப்பிள்ளை சாமான் குளிர்ல கிடக்கலாமான்னு பதறி, லெப்டொப்பையும் அடுப்புக்குப் பக்கத்துல ஒரு முக்காலியில வச்சா.

நிஷாந்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலையே. வீட்டுல இருந்த நல்ல கம்பளியா எடுத்து, நாலா மடிச்சு, அந்த லெப்டொப்புக்கு அடியில வாகா விரிச்சு விட்டா. தன்னோடத உடைஞ்ச கண்ணாடி ஜன்னல்கிட்ட கொண்டு போய் வச்சுக்கிட்டா.

போன மாசியில தோட்டத்துல ஆடின காமன் கூத்து வீடியோவை ரெண்டுலயும் ஏத்தி, முழு வீடியோவா ஆக்கித் தரச் சொல்லி ஒரே நேரத்துல எக்ஸ்போர்ட் குடுத்தாங்க. முதல்ல சுமனோடது பாஞ்சு போச்சு. கொஞ்சத்துல அதோட விசிறி ஊளையிட ஆரம்பிச்சுச்சு. என்னடா சத்தம்னு அப்பா கேட்டாரு. உழைக்குதுப்பான்னு சொன்ன சுமன் முகத்துல அசடு வழிஞ்சுச்சு. ஜன்னலோரத்து மெஷின் சத்தமே காட்டாம முதல்ல முடிச்சிருச்சு. நிஷாந்தி ஒண்ணும் அறியாதவளா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினா.

"அப்போ இதுதான் கெட்டி. நாளைக்கே சுமன் இதைக் கொழும்புக்குக் கொண்டு போகட்டும். அவனோடத வித்திருவோம்"னாரு நல்லமுத்து.

இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு நிஷாந்தி யோசிக்கவே இல்ல. தன் கையாலயே தன் மெஷினைத் தூக்கிக் குடுத்த கதையாப் போச்சு.

இதுக்குள்ள சுமன் தன் லெப்டொப்பைத் தூக்கப் போயி, ரொட்டிக் கல்லைத் தொட்டவன் மாதிரி கையை உதறினான். கம்பளியைத் தடவிப் பாத்தான். பெரியவங்க காதுல விழாம, "இது உங்க வேலையா?"ன்னான்.

"விருந்தாளிய நாங்க அப்படித்தான் கவனிப்போம்"னா நிஷாந்தி.

அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் மெஷினோட மானம் போச்சே. அப்பாகிட்ட இன்னொரு தடவை ஓட்டணும்னு அடம் பிடிச்சு, ரெண்டையும் வெளி இஸ்தோப்புத் திண்ணைக்குக் கொண்டு போய் வெறும் சிமெந்துக் கட்டுல வச்சான். குளிர் காத்துல அவனோடது பிச்சு உதறிச்சு. நிஷாந்தியோடதுல சிவன் காமனை எரிக்கிற கட்டம் வர்றதுக்குள்ள அது முழுக் கூத்தையும் முடிச்சிருச்சு. தன்னோடது இவ்வளவு மந்தமான்னு அவளுக்கு அழுகையே வந்திரும் போல இருந்துச்சு.

நல்லமுத்து உடனே கட்சி மாறினாரு. அப்போ பொண்ணோடதத்தான் விக்கணும்னாரு.

இதுக்கு மேல பொறுத்தா ஆகாதுன்னு நிஷாந்தி வாயைத் திறந்தா. "மாமா, கொழும்பு எப்படி இருக்கும்?"

"அத ஏன் கேக்கிற, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்"னாரு. மகனைப் பாக்கப் போயி ரெண்டே நாள்ல ஓடி வந்தவரு அவரு.

"அடுப்பெரியிற வீட்டுக்குள்ள முந்தினது என்னோடது. அது கொழும்புக்குப் போகட்டும். குளிர்ல முந்தினது அவங்களோடது. அது மலையிலயே இருக்கட்டும். எதை மாமா விக்கிறது?"

நல்லமுத்து யோசிச்சாரு. மலையில நல்லாப் பறிக்கிற ஆளைக் கீழ் நாட்டு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினா சுருண்டு விழுந்திருவான்னு அவருக்குத் தெரியாதா? ஞாயந்தான்னு தலையை ஆட்டினாரு.

சுமன் என்னமோ சொல்ல வாயெடுத்தான். அடுப்போரத்துக் கம்பளியைப் பாத்தான், நிஷாந்தியைப் பாத்தான், மூடிக்கிட்டான்.

அப்படியாக வெத்திலைத் தட்டு மாத்துறதுக்கு முந்தி லெப்டொப் மாத்தினாங்க. பதினாலு கோரும் நிஷாந்தி மடிக்கு வந்துச்சு. தன்னோட பழசைக் குடுக்கும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் மனசு கனத்துச்சு.

புறப்படும்போது சுமன் அதைப் பையில வச்சுக்கிட்டே மெதுவா சொன்னான். "எங்க ஒஃபிஸ் முழுக்க ஏசி. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் இவ்வளவும் செஞ்சீங்களா?"

நிஷாந்தி உள்ள போய், அந்தக் கம்பளியை மடிப்புக் கலையாம எடுத்துக்கிட்டு வந்து அவன் கையில குடுத்தா.

"ஏசியில குளிரும். போத்திக்கங்க."