சிரட்டை நுளம்பு வழக்கு

பல்லேபொலயில் றிஸ்லாவின் வீட்டுத் தோட்டத்து நுளம்பு கடித்தால் அரை மணித்தியாலம் சிரிப்பு வரும். காய்ச்சல் யாருக்கும் வந்ததில்லை. ஊருக்கு இது பழகிப்போயிருந்தது. மரண வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டும் அந்த வேலிப் பக்கம் வராமல் சுற்றிப் போவார்கள். புதிதாக மாற்றலாகி வந்த சுகாதாரப் பரிசோதகர் நிமலனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மிளகுக் கொடியடியில் கிடந்த சிரட்டைத் தண்ணீரில் புழுவைக் கண்டார், போத்தலில் பிடித்து முத்திரை வைத்தார். காணி றிஸ்லாவின் பெயரில் இருந்ததால், நுளம்பு பெருக இடம்விட்ட குற்றத்துக்கான நீதிமன்ற அழைப்பாணையும் அவள் பெயருக்கே வந்தது.

வந்த நேரம்தான் சரியில்லை. சீகிரியாவில் ஒரு ஹோட்டல் அவளைக் கேக் அடிக்கிற வேலைக்கு எடுத்திருந்தது, பொலிஸ் ரிப்போட் சுத்தமாக இருந்தால். முப்பது வயதில் முதல் வேலை. வெள்ளைத் தொப்பிகூட வாங்கி வைத்துவிட்டாள், பாவம்.

"ஒத்துக்கிட்டு வந்துருங்க மகள், பகல் சோத்துக்கு வீட்ல இருக்கலாம்" என்றார் வாப்பா முத்தலிப். மாத்தளை பஸ்ஸில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். றிஸ்லா இறங்கி, வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக வாதாடும் சட்ட உதவி அலுவலகத்துக்கு நேரே போனாள். சட்டத்தரணி சந்திரகாந்தா அழைப்பாணையை இரண்டு தரம் வாசித்தார். "சின்னக் குத்தம்னாலும் ஒத்துக்கிட்டா பேர் பதிஞ்சிரும் தங்கச்சி. அது என்ன புழுன்னு யாராவது பாத்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை. ஆகவே நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்தபோது றிஸ்லா அதை மறுத்தாள். விசாரணைக்குத் தவணை கொடுத்தார்கள். முதல் தவணையில் நிமலன் பயிற்சிக்குப் போயிருந்தார், இரண்டாவதில் மின்சாரம் இல்லை. மூன்றாவது வருவதற்குள் போத்தலுக்குள் புழுக்கள் நுளம்பாகி, பேரன் பேத்தியும் கண்டுவிட்டன.

சான்றுப் பொருளைத் திறந்து காட்டச் சொன்னார் சந்திரகாந்தா. நிமலன் மூடியைத் திருகினார். முதலில் சிரித்தவர் வாசலில் நின்ற பொலிஸ்காரர். அடுத்து மொழிபெயர்ப்பாளர், சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதனால் யாருக்காவது நோய் வந்ததா என்று கேட்டார். "ஒருத்தருக்கும் இல்லீங்க சேர்" என்று நிமலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சட்டம் தடுப்பது நோய் பரப்பும் நுளம்பைத்தான் என்பதைச் சந்திரகாந்தா மூன்று முயற்சியில் சொல்லி முடிக்க, றிஸ்லா விடுதலையானாள். அவளை மட்டும் ஒரு நுளம்பும் கடிக்கவில்லை. இருந்தும் கூண்டில் நின்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

ரிப்போட் சுத்தமாக வந்தது, தொப்பி சீகிரியாவுக்குப் போனது. நிமலன் இப்போதும் மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். தோட்டத்துச் சிரட்டைகளை எல்லாம் கவிழ்த்துவிட்டு, மிளகுக் கொடியடியில் இருக்கிற ஒன்றை மட்டும் விட்டு, பக்கத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருகிறார்.