உலகத்துக்கு நான் கொடுத்த உத்தரவாதம்

வரும் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு உலகம் அழியாது. இதை நான் முழுப் பொறுப்போடு சொல்கிறேன். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு, ஒரு மருந்துக்கடை, இரண்டு சலூன், ஒரு தையல்கடை. இத்தனைக்கும் சேர்த்து இயற்பியல் படித்தவன் ஒரே ஒருவன். ஆகவே எங்கள் பகுதியைப் பொறுத்தவரை உலகம் அழியலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் என்னிடம்தான் இருந்தது. நான் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கோ தூரதேசத்தில், பூமிக்கடியில், மைல் கணக்கில் வட்டமாக ஒரு சுரங்கம் தோண்டியிருந்தார்கள். அதற்குள் அணுவைவிடச் சின்னத் துகள்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு, மோதவைத்து, உடைந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள். முதல் மோதல் நம் நேரப்படி புதன் காலை பத்தரைக்கு. செய்தி அவ்வளவுதான். ஆனால் வெறும் செய்தியை வைத்துக்கொண்டு டிவிக்காரர்கள் எத்தனை நாள் ஓட்டுவார்கள்? மோதுகிற இடத்தில் கடுகளவு கருந்துளை ஒன்று உண்டாகி, முதலில் சுரங்கத்தையும், அடுத்து அந்த நாட்டையும், கடைசியில் நம்மையும் விழுங்கிவிடலாம் என்று ஒருவரை உட்காரவைத்துச் சொல்லவைத்தார்கள். அவர் என்ன படித்தவர் என்று யாருக்கும் தெரியாது. தாடி வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

தையல்கடை அப்பாவுடையது. வெட்டுமேசைக்கு மேலே ஒரு சின்ன டிவி உண்டு. அந்த வாரம் முழுக்க அதன் முன்னால் கூட்டம். நான் கல்லூரிப் பக்கம் போய்விட்டு வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் பையை இறக்கிவைத்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் காக்கவைத்துவிட்டுத்தான் பேசுவேன். அறிவியலில் நிதானம் முக்கியம்.

"ரெண்டு பட்டன்" என்று டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து மேசையில் உருட்டி மோதவிட்டேன். "மோதிடுச்சு. கடை இடிஞ்சு விழுந்ததா?"

"விழல" என்றார் காஜா அண்ணன். பதினாறு வருடமாக எங்கள் கடையில் சட்டைக்குப் பட்டன் ஓட்டை போட்டு ஓரம் கட்டுகிறவர். அந்த வேலைக்குப் பெயர் காஜா. அவர் சொந்தப் பெயரை அவரே மறந்திருக்கலாம்.

"அவ்வளவுதான் அண்ணே."

"ஆனா பட்டன் எந்த வேகத்துல வருதுங்கிறது இருக்கில்ல தம்பி?"

இது நல்ல கேள்வி. ஆகவே அவர்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தேன். படித்தவன் சிரித்தால் அது பதில்தான்.

இங்கே ஒரு சிறு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். துகள்கள் மோதினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குக் கடைசி வருடத்தில் ஒரு தனித்தாள். அதில் நான் வாங்கியது பதினெட்டு. நூற்றுக்கு. வீட்டில் எழுபத்தொன்று என்று சொல்லியிருந்தேன். அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. மேடையேறுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அது எனக்கும் அறிவிப்புப் பலகைக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அப்பாவுக்குத் தெரியாது. அவர் என் பட்டமளிப்புக்குக் கோட் தைப்பதற்காக ஒரு கருநீலத் துணி வாங்கி, நான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மேல்தட்டில் பேப்பர் சுற்றி வைத்திருந்தார். ஊரில் யார் யார் பிள்ளைக்கோ கோட் தைத்தவர். அளவு கொடுக்க வருகிற எல்லோரிடமும், கழுத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்து அவர்கள் அசைய முடியாத நேரமாகப் பார்த்து, "பையனுக்கு அடுத்த மாசம் பட்டம்" என்பார்.

எனக்கு இதில் பெரிய கவலை இருக்கவில்லை. கோட்டைப் புதன்கிழமை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் கடையில் எல்லாமே புதன்கிழமைதான். சட்டை கொடுத்தால் புதன்கிழமை வாங்க. பேண்ட் கொடுத்தால் புதன்கிழமை. கிழிசல் தைக்கவும் புதன்கிழமை. எந்தப் புதன் என்று கேட்டால் அவர் புது வாடிக்கையாளர் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடத்தில் சொன்ன புதனில் அப்பா எதையும் கொடுத்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் நான் நிம்மதியாக ஃபெயிலாகியிருந்தேன்.

இதற்கிடையில் தெருவுக்கு ஒரு வியாதி வந்தது. உண்மை பேசும் வியாதி.

ஆரம்பித்துவைத்தவர் காஜா அண்ணன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஹெட்மாஸ்டர் பேண்ட் ஒரு இஞ்ச் குறைஞ்சுதுல்ல. அளவு தப்பா எழுதினது நான்தான்."

அப்பா மிஷினை நிறுத்தினார். "நான் அவர்கிட்ட நீங்க வளந்துட்டீங்க சார்னு சொன்னேனேய்யா. அம்பத்தேழு வயசு மனுஷன்."

"அதான் மாஸ்டர் மனசு கேக்கல."

"அவரும் வீட்ல போய்ச் சொல்லியிருக்கார். அந்தம்மா வந்து என்கிட்ட உறுதிப்படுத்திட்டுப் போச்சு."

அடுத்து மாடி வீட்டு இன்சூரன்ஸ் மாமா. தெருவில் பாதிப் பேருக்கு பாலிசி போட்டவர். பழைய பேண்டை இடுப்பில் தளர்த்தக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "என் பேர்ல ஒரு பாலிசிகூட இல்ல மாஸ்டர்" என்றார் மெதுவாக. "எனக்கு அதுல நம்பிக்கை வரல."

வீட்டுக்குப் போனால் அம்மா போனில் பெரியம்மாவிடம் அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, உன் கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கம் காணோம்னு தேடுனியே. நான்தான் கிழிச்சேன். அதுல நான் கண்ணை மூடியிருந்தேன்." எதிர்முனையில் பெரியம்மா என்ன சொன்னாளோ, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை மாற்றினாள். "என்னது, என் வளையல் உன்கிட்டயா இருக்கு?"

சிரிக்க வேண்டியவன் நான் ஒருவன்தானே. கல்லூரியில் சுவர்ப்பத்திரிகை நடத்தியவன், சும்மா இருப்பேனா. ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்துக் கடைக் கதவில் ஒட்டினேன். உலக அழிவை முன்னிட்டுக் குற்ற ஒப்புதல். பெயர். செய்த தவறு. எத்தனை வருடமாக. யாருக்குத் தெரியவே கூடாது. மன்னிப்பு பத்தரைக்கு முன் வேண்டுமா, பின்னால் கிடைத்தால் போதுமா.

மறுநாளைக்குள் மூன்று படிவம் நிரம்பிவிட்டது. மருந்துக்கடைக்காரர் எழுத்தில் ஒன்று. இடம் போதவில்லை, தனித்தாள் இணைக்கலாமா என்று கீழே கேட்டிருந்தார்.

"பாருங்க அண்ணே" என்றேன் காஜா அண்ணனிடம். "தப்பு பண்றப்ப வராத பயம், டிவியில தாடி வந்ததும் வருது. இதுக்குப் பேரு மனசாட்சி இல்ல, வானிலை அறிக்கை."

"நல்லா பேசுறீங்க தம்பி" என்றார். "உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லியா?"

"நம்ம கணக்கு சுத்தம்."

இதை நான் கண் சிமிட்டாமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடையில் வேறு மாதிரி கூட்டம். கொடுத்த துணியைக் கேட்டு வந்தார்கள். பத்தரைக்கு எல்லாம் முடியப் போகிறதென்றால் புதுச்சட்டை எதற்கு என்று இன்சூரன்ஸ் மாமாவிடம் கேட்டேன்.

"அப்படியில்ல மாப்ளே. போறது போறோம், இடுப்புல நிக்கிற பேண்டோட போகலாமே."

அப்பா திணறிப்போனார். சாக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகப் புதன்கிழமை வாங்க என்றால் ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் உட்கார்ந்து தைத்தார். திங்கள் முழுக்கத் தைத்தார். செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிச் சட்டையும் போய்விட்டது. வெறும் ஹேங்கர்கள் கம்பியில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன. கடைக்குப் பின்சுவர் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். வெளிர்பச்சை.

அப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு புது மாதிரி சந்தோஷம். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து பேப்பர் பொட்டலத்தை இறக்கினார்.

"இது ஒண்ணுதான் பாக்கி. காலையில கடை திறந்ததும் உன் கோட்டை வெட்டிடறேன்."



"எதுக்குப்பா அவசரம்? அதான் உலகம் அழியாதுன்னு சொல்றேனே."

"அழியலன்னா நல்லதுதானே. அடுத்த மாசம் போட்டுக்க."

அந்தப் பக்கம் அடைபட்டது. நான் நிமிடத்தில் கட்சி மாறினேன். ஒரு வாரமாக ஒற்றை ஆளாகக் காப்பாற்றிவந்த உலகத்தை அங்கேயே கைவிட்டேன்.

"நூறு சதவீதம்னு சொல்ல முடியாதுப்பா. சின்ன வாய்ப்பு இருக்கத்தான் செய்யுது. கருந்துளைன்னா சும்மா இல்ல. நல்ல துணி. வீணாக்க வேண்டாமே."

அப்பா பேப்பரைப் பிரித்தபடியே சொன்னார். "அழியப் போகுதுன்னா துணியை யாருக்குடா மிச்சம் பிடிக்கிறது?"

இயற்பியலில் இதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் அது என் பதினெட்டு மார்க்குக்குள் வராது.

புதன் காலை பத்து மணிக்கு எல்லோரும் கடையில் இருந்தார்கள். தனியாக அழிய யாருக்கும் விருப்பமில்லை. அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்சூரன்ஸ் மாமா இடுப்பில் சரியாக நின்ற பேண்டோடு டிவிக்கு நேர் கீழே நின்றார். டிவியில் சுரங்கத்தைக் காட்டினார்கள். மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

அப்பா அதைப் பார்க்கவே இல்லை. என்னை நடுவில் நிறுத்தி அளவெடுத்தார். தோள் என்று ஓர் எண் சொன்னார், காஜா அண்ணன் நோட்டில் எழுதினார். மார்பு, கை நீளம். எழுதியதைக் காஜா அண்ணன் ஒவ்வொரு தடவையும் திருப்பி வாசித்துக் காட்டினார். மனிதர் திருந்தியிருந்தார்.

"மூச்சை இழுக்காதடா. மேடையில சாதாரணமாத்தானே நிப்பே."

சாதாரணமாக நின்றேன்.

துணியை மேசையில் விரித்து, கையால் நீவி, சாக்கட்டியால் கோடு போட்டார். முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு. கருநீலத்தின் மேல் வெள்ளைக் கோடுகளாக ஒருவன் படுத்திருந்தான். என் அளவு. ஆனால் பட்டம் வாங்கியவன். பிறகு அந்தப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, வேட்டி முனையில் துடைத்து, துணியின் ஓரத்தில் வாயைத் திறந்துவைத்தார்.

சட்டை தப்பாகப் போனால் பிரித்துத் தைக்கலாம். நீளம் அதிகமானால் மடித்துவிடலாம். அப்பா தொழிலில் திருப்பி எடுக்க முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அது இப்போது அவர் விரலிடுக்கில் இருந்தது.

டிவியில் பத்து இருபத்தைந்து. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசையைச் சுற்றிப் போய் அப்பாவின் காதோரம் குனிந்தேன்.

"அப்பா. வெட்டாதீங்க."

"ஏன்?"

"நான் பாஸ் பண்ணல."

கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. அவர் சத்தம் போடவில்லை. என்னை மாதிரியே குரலைத் தாழ்த்தினார். பெஞ்சில் அம்மா இருந்தாள்.

"எழுபத்தொண்ணுன்னு சொன்னே."

"பதினெட்டு."

"எந்தப் பாடம்?"

நான் முகவாயால் டிவியைக் காட்டினேன்.

அப்பா நிமிர்ந்து சுரங்கத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி சுரங்கத்தைப் பார்த்தார். அந்த ஒரு வாரத்தில் அவர் முகத்தில் நான் பார்க்காத பயம் அப்போதுதான் வந்தது.

"அப்போ அழியாது அழியாதுன்னு சொன்னியேடா? அது?"

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அப்பா கத்தரிக்கோலைத் துணிக்கு வெளியே எடுத்து, மூடி, மேசையில் வைத்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். இன்னொரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் நகர்த்தினார்.

"வேற ஏதாவது இருக்கா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் இருந்தது. யாருக்கும் கேட்காத குரலில், முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்தேன்.