ஏழாம் அறையின் மைனஸ்

மருத்துவமனையின் காற்றோட்டக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். எல்லோருக்கும் ‘மீட்டரக்கா’. கறார் பேர்வழி. எலும்பு மஜ்ஜை மாற்றிய அவளுடைய சொந்தத் தம்பியை அன்று பதினோரு மணிக்கு ஏழாம் அறைக்குக் கொண்டுவருகிறார்கள். அவன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி பேருக்குக்கூட இல்லை. அறைக்குள் அழுத்தம் வராந்தாவைவிடக் கூடுதலாக இருந்தால்தான் வெளிக்காற்று உள்ளே நுழையாது.

கதவோரத்து அழுத்த மீட்டர் மைனஸ் பன்னிரண்டு காட்டியது.

“சரியாத்தானே இருக்கு? மைனஸ்னா நல்லதுன்னு நீங்கதானே ஸ்டிக்கர் ஒட்டி வச்சீங்க?” என்றாள் நர்ஸ்.

ஒட்டியது வாஸ்தவம்தான். இந்த ஓர் அறையில் மட்டும் எவனோ புண்ணியவான் மீட்டரின் இரண்டு குழாய்களைத் தலைகீழாகச் சொருகியிருந்தான். மீட்டர் வராந்தாவின் அழுத்தத்திலிருந்து அறையின் அழுத்தத்தைக் கழித்தது. அறையில் கூடுதல் என்றால் மைனஸ்தானே வரும்?

ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே! மெல்லிய காகிதம் ஒன்றைக் கிழித்துக் கதவிடுக்கில் பிடித்தாள். அது உள்பக்கமாகப் பறந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம், அறை காலியான அன்று, அவளேதான் குழாய்களைச் சரியாக மாற்றிச் சொருகினாள். இப்போது மைனஸ் என்றால் அறையில் அழுத்தம் நிஜமாகவே குறைவு. ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிட்டாள், பாவி!

லிஃப்ட் திறந்தது. சக்கர நாற்காலியில் தம்பி.

“உள்ள கொண்டுவராதீங்க! பழைய ரூமுக்கே கூட்டிட்டுப் போங்க!”

“என்னக்கா, வாசல்லயே தொரத்துற?” முகமூடிக்குள்ளிருந்து சிரித்தான் தம்பி.

“என் தப்புடா கண்ணா. சரிபண்ணிட்டுக் கூப்பிடுறேன்.”

அறைக்குள் காற்றைத் தள்ளும் ஃபேனின் பெல்ட் தளர்ந்திருந்தது. புதுசு போட்டதும் மீட்டர் பிளஸ் பன்னிரண்டுக்கு ஏறியது.

“பெல்ட் தளர்ந்துச்சுன்னு மட்டும் ரிஜிஸ்டர்ல எழுதும்மா, போதும். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே,” என்றார் இன்ஜினியர், நல்ல மனுஷன்.

“பெல்ட் தளர்ந்தது என் தப்பில்ல சார். அது தெரியாம மறைச்சது என் ஸ்டிக்கர்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேற யாரோட தம்பியாவது வந்திருந்தா, நான் காகிதத்தப் பிடிச்சுப் பாத்திருப்பேனா?”

அவர் பேனாவை நீட்டினார். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பியைக் கூப்பிடுவதற்கு முன்னால், மற்ற ஆறு கதவுகளிலும் காகிதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.