இழவு வீட்டில் தூங்கியவள்

அம்மாவின் உடலை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அறிவுச்செல்வி தூங்கிவிட்டாள். சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, சத்தமான குறட்டையோடு. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பெத்தவ செத்துக் கெடக்கறா, இவளுக்குத் தூக்கம் கேக்குது பாரு,” என்றாள் பெரியம்மா ஒருத்தி.

தங்கை அன்புச்செல்வி காரியம் முடிந்து நாமகிரிப்பேட்டைக்குக் கிளம்பும்போது அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகு போனும் எடுப்பதில்லை.

அறிவுச்செல்விக்கு அது உறைக்கவில்லை. கொஞ்ச காலமாகவே எதுவும் உறைப்பதில்லை. மல்லசமுத்திரத்தில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கு பார்த்தாள். தைராய்டு வந்ததிலிருந்து உடம்பு பெருத்துப்போயிருந்தது. எழும்போதே தலை கனக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகிவிடும். விழித்துப் பார்த்தால், விரல் அழுந்திக் கிடந்த எழுத்து திரை முழுக்க ஓடியிருக்கும். அதை அழித்துவிட்டு வேலையைத் தொடருவாள். சோம்பேறி என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், கண் விழித்தபோது மரவள்ளிக் காட்டுக்குள் கிடந்தாள். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. எதிரே லாரி எதுவும் வராததால் பிழைத்தாள். அதற்காகச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்த நேரத்தில் மறுபடியும் தூங்கிப்போனாள். அந்தப் பக்கமாகப் போன டாக்டர் நின்று பார்த்தார். குறட்டை பெரிதாகி, சட்டென்று அறுந்தது. நெஞ்சு எழும்பியது, காற்று போகவில்லை. பிறகு மூச்சு முட்டியவள் போல ஒரு திணறல், மறுபடி குறட்டை.

“ஊட்டுலயும் இப்படித்தான் நின்னு நின்னு வருமா?” என்று அவள் கணவன் கந்தப்பனிடம் கேட்டார்.

“ஆமாங்க. அது நிக்கற நேரத்துலதானுங்க நானே தூங்குவேன்.”

குறட்டை நிற்கும்போது மூச்சே நிற்கிறது என்றார் டாக்டர். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது என்றார். மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை உசுப்பிவிடுவதால், படுத்துக் கிடந்தாலும் அவள் தூங்குவதே இல்லை. எடை கூடினாலும் தைராய்டு இருந்தாலும் இது வரும். இப்படியே விட்டால் ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் போகும் என்றார். கந்தப்பன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

சேலத்தில் பரிசோதனை செய்து, தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றை ஊதித் தொண்டை அடைக்காமல் வைக்கும் ஒரு மெசின் கொடுத்தார்கள். முதலில் மூக்கைப் போட்டு அமுக்கியது. பிறகு பழகியது. தலைக்கனம் குறைந்தது; கணக்கு ஓடியது. விழிப்பு வந்தால் அழுகையும் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

தோள் எலும்பு கூடியதும் நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். அன்புச்செல்வி வாசலில் காய்ந்த மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கிளறினாள். நின்றுகொண்டே அறிவுச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள்.

“சரி, சீக்குதான். ஒத்துக்கறேன்,” என்றாள் தங்கை. “இப்பத்தான் நல்லா முழிச்சிருக்கியே. இப்ப அழு பாக்கலாம்.”

அறிவுச்செல்வி முயன்று பார்த்தாள். அம்மாவின் முகத்தை நினைத்தாள்.

“வர மாட்டேங்குது அம்மிணி.” பிறகு கேட்டாள்: “கடசியா அம்மா என்ன சொல்லுச்சு? உசுரு போனப்ப நா வெளிய ஆஸ்பத்திரி பெஞ்சுல தூங்கிட்டேன். எனக்கு யாருமே சொல்லலை.”

அன்புச்செல்வியின் கை நின்றது.

“பெரியவ எங்கீன்னு கேட்டுச்சு. வெளிய தூங்கறா, எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம் சாமி, வேலைக்குப் போற புள்ள, தூங்கட்டும்னு சொல்லிருச்சு.” அவள் குரல் உடைந்தது. “நானும் எழுப்பாம உட்டுட்டேன். எழுப்பியிருக்கோணும்க்கா.”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அறிவுச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்காத கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டாள். தங்கையின் முதுகு குலுங்குவது கைக்குத் தெரிந்தது. தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அன்புச்செல்வி கேட்டாள்: “மெசினக் கொண்டாந்திருக்கியா?”

“இல்ல.”

“அப்ப இங்க தங்காத. பஸ் ஏத்தி உடறேன், வா. அடுத்த வாட்டி எடுத்துட்டு வா.”

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு, தங்கை கண்டக்டரிடம் போனாள்.

“அக்காளுக்கு ஒடம்பு செரியில்லீங்க. ராசிபுரத்துல எறங்கி வேற பஸ் மாறோணும், தூங்கிட்டா எழுப்பி உட்டுருங்க.”

பஸ் கிளம்பியது. அன்புச்செல்வி கையாட்டவில்லை. பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றிருந்தாள். கண்ணை விட்டு மறைகிறவரை அறிவுச்செல்வி அவளைப் பார்த்துக்கொண்டே போனாள்.