அப்பாவை நெருப்பில் போட்ட படம்

கூடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் படத்தைப் போட்டுக் காட்டினான் சாலமன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். சென்னையில் வேறொரு சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த பிறகு, ஊழியம் என்று சொல்லித்தான் சினிமா எடுக்கிறான். அவனுடைய அக்கா ஜெசிந்தா, அம்மா வியாகுலமேரியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் வந்தது அவர்களுடைய அப்பா. பெயரைக்கூட மாற்றவில்லை. குமுளி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் டிரைவர் பெனடிக்ட். பிரசவ வலி கண்ட எத்தனையோ பெண்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். படத்தில் அவர் சாகக் கிடக்கிறார். "இயேசுவை ஏத்துக்கிறீங்களாப்பா?" என்று மகன் கேட்கிறான். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்து திரை முழுக்கத் தீ. நற்செயல் யாரையும் ரட்சிக்காது என்று எழுத்து ஓடியது.

வியாகுலமேரி மகளின் முழங்கையைப் பிடித்தாள். "உங்கப்பா நெருப்புலயா கெடக்காக?"

ஜெசிந்தா எழுந்து தம்பியிடம் போனாள்.

"அப்பா எப்படா மூஞ்சியத் திருப்புனாக?"

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வீடியோ கால்ல நானே கேட்டேனே. நீதான போனப் பிடிச்சிருந்த? என்னயப் பாக்கவே இல்ல. அழுதுக்கிட்டேதான்க்கா இத எடுத்தேன். இன்னொருத்தர் அப்பிடிப் போகக் கூடாதுன்னு."

"பக்கவாதம்டா அவுகளுக்கு. இடப்பக்கம் எது இருந்தாலும் தெரியாதுன்னு டாக்டர் மறுநாத்தான் சொன்னாரு. நான் போன அந்தப் பக்கமா நீட்டிட்டேன். தப்பு என்னோடது."

சாலமன் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு முகம் இறுகிவிட்டது.

"மனசு திரும்பியிருந்தா கர்த்தர் முகத்தையும் திருப்பியிருப்பாரு. ஒரு சீனையும் மாத்த மாட்டேன். நீங்க பூசை வச்சு அவர மீட்டுருவீகளா?"

"தீர்ப்புச் சொல்ல உனக்கு யாருடா நாற்காலி போட்டா?"

அவள் மைக்கை எடுத்தாள். அவன் கண் காட்டினான், மைக் அணைந்தது. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அவள் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போனது. அப்பாவுக்கு நடந்ததை அப்படியே சொன்னாள். பாதிப்பேர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் அவளை வெளியே போகச் சொன்னார்கள்.

"சாத்தான் பேசுறான் உனக்குள்ள," என்றான் சாலமன். "இனி நீ எனக்கு அக்கா இல்ல."

"சரி," என்றாள்.

அடுத்த வாரம் தேவாரம் ஊரில் படம் போட்டார்கள். தீ எரியும் காட்சியில் ஜெசிந்தா எழுந்து நின்று பேசினாள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு கம்பம். வாசலிலேயே அவளை மறித்துவிட்டார்கள். பின்னால் வந்த வியாகுலமேரியை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவள் மகளைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஜெசிந்தா வெயிலில் காத்து நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து, உள்ளே வசனம் பாதியில் நின்றது. அம்மாவின் குரல் கேட்டது.

"நிப்பாட்டுறா சாலமா. அவுக என் புருசன்."