ஏழாவது வளைவில் நின்ற வண்டி

காயித் முக்பில் என்பவர் சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் புறப்பட்டு, மலைச்சாலையின் ஏழாவது வளைவில் பதினோரு ஆண்டுகள் நின்றார். அத்தனை ஆண்டும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்ரோல் தீரவில்லை, ஹெட்லைட் அணையவில்லை, வண்டி ஒரு சாண் மேலே ஏறவில்லை, ஒரு சாண் கீழே இறங்கவும் இல்லை. கீழே கமீஸ் சந்தை, மேலே பத்தொன்பதாவது வளைவில் அவருடைய ஊரான பைத் முக்பில். நடுவில் அவர் ஆக்சிலேட்டரை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் யாராவது மேலே ஒரு தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போவார்கள்.

புறப்பட்ட அன்று அவர் மனைவி அர்வாவுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. மருத்துவச்சி ஜலீலாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழாவது வளைவில் ஹிஸாம் என்பவன் காத் இலை விற்பான். பிள்ளை பிறந்தால் வாழ்த்த வரும் ஆண்களுக்கு மென்று உட்கார நல்ல இலை வேண்டும், அது நியாயம்தான். எங்கள் மலையில் ஏற்றத்தில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை, கால் ஊன்றுவதும் இல்லை. கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கி, வண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டே பேரம் பேசுவோம். காயித் அப்படியே நின்று கால் மணி நேரம் இலை பொறுக்கினார். ஒரு இலைக்கட்டை எடுப்பார், முகர்வார், வைப்பார். பிறகு ஒரு இலைக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிளட்சை விட்டார். எஞ்சின் அலறியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னப்பா, சத்தம் மட்டும் மக்கா வரைக்கும் போகுது, வண்டி போகலையே?" என்றாள் ஜலீலா.

"இதோ பிடிச்சிரும், உக்காரும்மா."

"நீ பிடிச்சு வா. அங்க ஒருத்தி பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கா" என்று இறங்கி, பன்னிரண்டு வளைவுகளையும் நடந்தே ஏறினாள். மறுநாள் திரும்பும்போது, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், பெயர் நுஹா என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இறங்கி நடந்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். காயித்தின் தகப்பனார் இதே ஏற்றத்தில் ஒரே ஒரு தடவை கால் ஊன்றினார். சாகும்வரை அவருக்குக் 'காலூன்றி' என்றே பெயர், ஜனாஸா ஊர்வலத்திலும் யாரோ அப்படித்தான் சொன்னார்கள். அதனால் மகன் முதல் மூன்று மாதம் வீம்புக்கு உட்கார்ந்திருந்தார். நான்காம் மாதம் மானம் போனால் போகட்டும் என்று காலை நீட்டினார். கால் தரைக்கு எட்டவில்லை. எவ்வளவு நீட்டினாலும் செருப்புக்கு ஒரு சாண் கீழே தரை இருந்தது. நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பார்த்தார்கள். மலையையே தூக்குவது போலக் கனத்தது, விட்டுவிட்டார்கள். அன்று அவர் அழுததை ஹிஸாம் பார்த்தான். பார்க்காதது போல இலைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

பிளக்கில் கோளாறு என்றார்கள், மாற்றினார்கள். செயினை இறுக்கினார்கள். கண்ணேறு என்று ஓதி ஊதினார்கள். எஞ்சின் இவ்வளவு நன்றாக ஓடும்போது கோளாறு சாலையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அந்த இடத்தில் இரண்டு தடவை சாலையைக் கொத்திப் போட்டார்கள். சந்தையில் அப்து ஸைஃப் என்ற நல்ல மெக்கானிக் இருந்தார். அவரிடம் யார் போய்ச் சொன்னாலும், "வண்டியக் கொண்டு வாங்க, பாக்குறேன்" என்பார். இப்படியே வருடங்கள் போயின.

அர்வா வெள்ளிக்கிழமைதோறும் ரொட்டியும் சல்த்தாக் குழம்பும் கொடுத்தனுப்பினாள், பிள்ளையை அனுப்பவில்லை. "நான் உசுருக்குப் போராடுறப்ப இலை பொறுக்கிட்டு நின்ன ஆளு. புள்ள மொகத்தைப் பாக்கணும்னா வாசலுக்கு வந்து பாக்கட்டும்" என்றாள். ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். மகளுக்குப் பல் முளைத்ததும், அவள் எழுதப் படிக்கக் கற்றதும், மாடிப்படியில் விழுந்து நெற்றியில் தழும்பு வாங்கியதும் ஜலீலா சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கத்துப் புருவம், எவ்வளவு நீளத் தழும்பு என்று துருவித் துருவிக் கேட்பார்.

பதினோராம் வயதில் நுஹா அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினாள். வாசற்படியில் கால் வைத்து நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். கை வீசியது, கால் எட்டி எட்டிப் போட்டது, ஆள் மட்டும் படியை விட்டு நகரவில்லை. அர்வா தோட்டத்திலிருந்து வந்து பார்த்தபோது பிள்ளைக்கு வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. "நிக்க முடியலம்மா" என்றாள். அர்வாவின் கோபம் அந்த இடத்திலேயே பயமாக மாறியது.

அவள் நேராகச் சந்தைக்கு இறங்கினாள். கணவனைத் தாண்டிப் போகும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டியக் கொண்டு வந்தாத்தான..." என்று ஆரம்பித்தார் அப்து ஸைஃப்.

"அண்ணே, வண்டி வராததுதான் சீக்கே. நாடி பாக்க வாங்கன்னு கூப்பிட்டா, நோயாளிய ஓடி வரச் சொல்றீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் எழுந்து ஏழாவது வளைவுக்கு வந்தார். காயித்திடம் மூன்றாம் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விடச் சொன்னார். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். அது பாட்டுக்கு ஓடியது. கிளட்ச் லீவரில் ஒரு காசு கனத்துக்காவது ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஒயரைத் தளர்த்தி ஆட்டம் கொடுத்தும் பயனில்லை. எஞ்சின் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார், கருகல் வாடை.

"கிளட்ச் தட்டு தேஞ்சு போச்சு. எஞ்சின் சுத்துது, சக்கரத்தைப் பிடிக்க ஆளில்ல. இதைச் சொல்ல பதினோரு வருஷமா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

புதுத் தட்டுகளை இரவெல்லாம் ஒரு பழைய நெய் டப்பாவில் எண்ணெய் விட்டு ஊற வைத்து, காலையில் அந்த டப்பாவோடு ஏறி வந்தார். அர்வாவும் வீட்டிலிருந்து இறங்கி வந்து நின்றாள். ஓடுகிற எஞ்சினில் கிளட்ச் மூடியைத் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். திறந்தார். தேய்ந்த தட்டுகள் பப்படம் போல நொறுங்கின, இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன, ஸ்பிரிங்குகள் நகக்கண் அளவு குறுகியிருந்தன. எல்லாவற்றையும் மாற்றி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, புது எண்ணெய் ஊற்றினார். அப்போதும் வண்டி நகரவில்லை.

"யோவ் காயிது, லீவர விடுய்யா."

"விட்டுட்டேனே."

"ரெண்டு விரல் அதுலயே கெடக்கு பாரு. ஓட்டும்போதெல்லாம் இப்படித்தான வெச்சிருப்ப? அந்த ரெண்டு விரல்தான்யா தட்ட தின்னது."

காயித் பார்த்தார். விரல்கள் அவருடையவைதான், சொன்னபடி கேட்கவில்லை. "எடுத்தா கீழ போயிருவேன்னு பயமா இருக்கு அப்து" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இல்லை. அர்வா முன்னால் வந்து, பதினோரு ஆண்டுகளில் முதல் தடவையாக அவரைத் தொட்டு, ஒரு விரலை எடுத்தாள். அடுத்ததையும் எடுத்தாள்.

கிளட்ச் பிடித்தது. வண்டி நகரவில்லை, சாலை நகர்ந்தது. பின்சக்கரம் எட்டாவது வளைவை இழுத்துத் தன்னடியில் சுருட்டிப் பள்ளத்தில் தள்ளியது, பிறகு ஒன்பதாவதை, பத்தாவதை. மாதுளைத் தோட்டங்கள் வந்தன, தண்ணீர்த் தொட்டி வந்தது, பள்ளிவாசல் வந்தது. பைத் முக்பில்காரர்கள் அடுப்பில் இருந்த பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைசியாக அவர் வீட்டு வாசற்படி வந்து முன்சக்கரத்தை முட்டி நின்றது. எஞ்சின் தானாக அணைந்தது. நடந்துகொண்டிருந்த நுஹா படியிலிருந்து ஒரு எட்டு இறங்கி, தடுமாறி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் எங்கப்பாவா?"

"ஆமாம்மா. கொஞ்சம் நேரமாயிருச்சு."

அவர் கையை நீட்டி இடது புருவத்துக்கு மேலிருந்த தழும்பைத் தடவினார். ஜலீலா சொன்னதைவிடச் சிறியதாகத்தான் இருந்தது. பிள்ளைதான் அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டு, உள்ளே வாங்க என்றாள்.

ஊர் இப்போது ஏழாவது வளைவில்தான் இருக்கிறது, சந்தைக்குப் போய்வர எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. மேலே ஊர் இருந்த இடத்தில் ஆடு மேய்க்கிறார்கள்.